கல்லறையில் ஒரு பெயர் குறைகிறது

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. ஜெரால்டு அதைக் கவனித்தால்தானே! கைப்பேசியில் இருந்த படத்தை இரண்டு விரலால் விரித்தார், சுருக்கினார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கண்டெய்னரை இம்மி பிசகாமல் இறக்குகிறவருக்குத் தரைக்கு வந்தால் ஓரிடத்தில் கால் தரிக்காது.

படத்தில் இருந்தது அவருடைய பூட்டன் சந்தியாகுவின் பட்டாளத்துத் தாள். முதல் உலகப்போரில் வெள்ளைக்காரனுக்குப் படகு ஓட்ட ஈராக்கில் உள்ள பாஸ்ராவுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. 'ஓடிப்போனவரு' என்று அந்தக் காலத்தில் யாரோ சொன்ன சொல் குடும்பத்தில் ஒட்டிக்கொண்டது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் குடும்பக் கல்லறைக்கு வெள்ளையடித்து, மாண்டவர் பெயர்களைத் தலைமாட்டுக் குருசில் கறுப்புப் பெயின்டால் புதுப்பிப்பார்கள். சந்தியாகு பெயர் மட்டும் கிடையாது. பெயர் எழுதுகிறவள் ஜெரால்டின் அக்கா கிளாடிஸ். "பொண்டாட்டி புள்ளையள விட்டுட்டு ஓடுனவருக்கு நம்ம குருசுல எடம் எதுக்குலே?" என்பாள்.

கப்பலில் வேலை பார்க்கும் மருமகன் லண்டனில் தேடிப் பிடித்து இந்தப் படத்தை அனுப்பியதிலிருந்து ஜெரால்டுக்குச் சோறு இறங்கவில்லை. பூட்டன் என்ன ஆனார் என்பதைத் தாளின் கடைசிக் கட்டத்துக்குள் எவனோ ஒரு துரை கோழி கிளறிய மாதிரி கிறுக்கி வைத்திருந்தான். பங்குச் சாமியாரிடம் காட்டினார். வங்கி மேலாளரிடம் காட்டினார். சுங்க அதிகாரி ஒருவரை லிஃப்டுக்குள் மடக்கிக் காட்டினார். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அப்புறம்தான் பொறி தட்டியது. டாக்டர் கிறுக்கலையே படிக்கிற மெடிக்கல்காரரை விட்டால் வேறு யார்? மருந்துக்கடை காசிலிங்கம் அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே பார்வைதான் பார்த்தார்.

"'டிசன்ட்ரி'ன்னு போட்டுருக்கு, சீதபேதி தம்பி. வயித்தால போயி செத்திருக்காரு."

ஜெரால்டுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! பூட்டனுக்குச் சீதபேதி என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லித் திரிந்தவர் உலகத்திலேயே இவராகத்தான் இருப்பார். மாப்பிள்ளையூரணிச் சொந்தக்காரர்கள் வரைக்கும் பைக்கில் போய்ச் சொன்னார்.

அதோடு விட்டாரா? கை சும்மா இருந்தால்தானே! அடுத்த வரியையும் விரித்தார். அது கொஞ்சம் தெளிவான எழுத்து. ஆளோடு சேர்த்து ஒரு கம்பளியும் ஒரு ஜோடி பூட்ஸும் காணோம் என்று இருந்தது. மறுபடி மெடிக்கலுக்கு ஓடினார். அண்ணாச்சி இந்தத் தடவை உட்கார்ந்து நிதானமாகப் படித்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி. நாள் முழுக்க நோய்ப் பேரா பாக்கேனா, எதப் பாத்தாலும் நோயாவே தெரியுது. வயித்தால போறவன் பூட்ஸ எதுக்குத் தூக்கிட்டுப் போவான்? இது 'டிசன்ட்ரி' இல்ல, 'டெசர்ட்டட்'. ஓடிட்டாருன்னுதான் போட்டுருக்கான்."

ஜெரால்டுக்கு அண்ணாச்சி மேல் கோபம், பூட்டன் மேல் அதைவிடக் கோபம். இதை அக்காவிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம்; கிளாடிஸ் ஏற்கெனவே சீதபேதியை நம்பி, பெயர் எழுதச் சம்மதித்துவிட்டாள். ஆனால் குருசில் பொய்யை எழுத அவருக்கு மனசு வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வெள்ளை காய்ந்துகொண்டிருந்தது. அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே சொன்னார். "ஓடித்தாங்க்கா போயிருக்காரு. நீ சொன்னதுதான் சரி. கம்பளியையும் பூட்ஸையும் தூக்கிட்டுப் போயிருக்காரு."

கிளாடிஸ் பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"பூட்ஸையா?"

"ஆமா."

"நம்ம ஆளுவ எவம்லே பூட்ஸு போட்டான்? கடலுக்குப் போறவனுக்குச் செருப்பே பாரம்." குருசைத் திரும்பிப் பார்த்தாள். "ரொம்பத் தூரம் நடக்கணும்னு எடுத்திருக்காருலே. வீட்டுக்குத்தாம்லே கெளம்பியிருக்காரு, பாவி மனுஷன்."

பிரஷை அவரிடம் நீட்டினாள். "நீயே எழுது."

ஜெரால்டு மண்டியிட்டார். எவனும் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டாதபடி, ஒவ்வோர் எழுத்தாக, பெரிசாக எழுதினார்.