அனுபவம் ‘இல்லை’ என்று எழுதினேன்

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு எம்.பி.ஏ. ஆசை வந்தது; மழைக்கு முந்திய காற்றைப் போல உட்காரவிடாத ஆசை. வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று விண்ணப்பத்தில் இருந்தது. சிவகாசியில் எங்கள் குடும்பக் காலண்டர் அச்சகத்தில் பதினைந்து சீசனாக ஆர்டர் பார்க்கும் நான், அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். வீட்டுக் கம்பெனி வேலையை யார் வேலை என்று சொல்லப்போகிறார்கள்?

நேர்முகத் தேர்வில் பேராசிரியர், “இத்தனை வருஷம் என்ன செய்தீங்க?” என்று கேட்டார்.

“வீட்டில்தான் சார்.”

அவர் விண்ணப்பத்தை மூடும்போது என் கைப்பேசி அலறியது. அணைக்க மறந்திருந்தேன். பதறியதில் எடுத்தே விட்டேன். எங்கள் ஃபோர்மேன்.

“அக்கா, நகைக்கடை காலண்டருக்கு அட்டை பத்தாது. மிஷினை நிறுத்திரவா?”

“நிறுத்தாதீக. ஜவுளிக்கடைக்கு வச்ச அட்டையை எடுத்து ஓட்டுங்க. அவுக லோடு அடுத்த வாரம்தான். நான் பேசிக்கிடுதேன்.”

நிமிர்ந்தால் பேராசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார். “இதுக்குப் பேர் என்னம்மா?” என்று விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார். “திருத்தி எழுதுங்க.”

இடம் கிடைத்தது. இப்போது சீசன் முடிந்ததும், அச்சகத்தில் உழைத்த எல்லோருக்கும், எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து, அனுபவச் சான்று எழுதித் தருகிறேன். முதல் சான்று என் ஓரகத்திக்கு. அவள் இரண்டு முறை வாசித்துவிட்டுக் கேட்டாள்: “ஏக்கா, நான் இம்புட்டு வேலையா பாக்கேன்?”