அழுத்தக்காரி வைக்காத கைநாட்டு

அந்தத் தீவின் கரும்புத் தோட்டத்தில் அவளை எல்லோரும் அழுத்தக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் அரை வார்த்தை பேசுவாள், அதையும் பாதியில் விழுங்கிவிடுவாள். "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கூட வேலை செய்யும் பெண்கள் சீண்டுவார்கள்.

அவள் அடிமையாகப் பிறந்தவள். அவளைப் பெற்றவளும் அடிமைதான். தாய் யாருடைய உடைமையோ, பிள்ளையும் அவனுடைய உடைமை. இதுதான் அன்றைய சட்டம். கன்றுக்குட்டிக்கும் இதே கணக்குதான்.

ஆலையில் கரும்பை உருளைகளுக்குள் ஊட்டுவது அவள் வேலை. அறுவடைக் காலத்தில் ஆலை நிற்காது, ஆட்களுக்குத் தூக்கமும் கிடையாது. கண் கொஞ்சம் சொருகினால் விரல் போகும், விரலோடு கை போகும், கையோடு ஆளே போவார். அதனால் உருளைகளுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு கோடரியை எப்போதும் மாட்டி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் அவளுக்குப் பக்கத்தில் நின்றவளின் கையை உருளை கவ்விக்கொண்டது. ஆலையைச் சுற்றும் குதிரைகளை நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டிய மேற்பார்வையாளன் மரம்போல நின்றான். அழுத்தக்காரி கோடரியை எடுத்தாள். ஒரே வெட்டு. தன் பாவாடையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். அப்புறம் கோடரியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே மாட்டினாள்.

சர்க்கரைப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்த பீப்பாய்க்காரன் இதை வாசலில் நின்று பார்த்தான். அவன் கைவிட்ட பீப்பாய் தானாக உருண்டு போனது. அவனும் அடிமைதான், வயதில் அவளுக்குக் கொஞ்சம் மூத்தவன், வாய் ஓயாதவன். சில மாதங்களில் இருவரும் ஒரே குடிசையில் குடித்தனம் தொடங்கினார்கள். "ஆசைப்பட்டா கட்டிக்கிட்டே?" என்று கேட்டவர்களிடம், "பயந்துதான் கட்டிக்கிட்டேன், எதிர்ல நிக்கிறதவிடப் பக்கத்துல நிக்கிறது நல்லதில்லையா?" என்பான்.

கை போனவள் பிழைத்துக்கொண்டாள். ஒத்தக்கை அக்கா என்று பெயரானது. பெற்றவர்கள் வயலுக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். அழுத்தக்காரிக்கும் பீப்பாய்க்காரனுக்கும் பிறந்த பெண் குழந்தையும் அவள் மடியில்தான் வளர்ந்தது.

குழந்தைக்கு நாலு வயதாகும்போது, அடிமைத்தனம் ஒழிந்தது என்று கடல் தாண்டிச் சட்டம் வந்தது. தோட்டத்தின் காரியஸ்தர் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்திப் படித்துக் காட்டினார். முதல் வரி முடிந்ததும் கிழவர்கள் அழுதார்கள். இரண்டாவது வரியில் அழுகை நின்றுவிட்டது. சுதந்திரம் உண்டு, ஆனால் இன்னும் ஆறு வருஷம் அதே எசமானுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அதற்குப் பெயர் தொழில் பயிற்சி.

"பொறந்ததுலேருந்து கரும்புதான் வெட்டுறேன். வெட்டுறது எப்படின்னு இன்னும் ஆறு வருஷம் கத்துக்கணுமாம். நான் அவ்ளோ மக்கா?" என்றார் ஒரு கிழவர்.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் அன்றே முழு விடுதலை. அதிலும் ஒரு கண்ணி இருந்தது. பெற்றவர் கைநாட்டு வைத்தால் அந்தக் குழந்தையையும் தோட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். பால், மாவு, துணி, மருந்து எல்லாம் தோட்டமே கொடுக்கும். குழந்தை இருபத்தொரு வயது வரை தோட்டத்துக்கு உழைக்க வேண்டும்.

தாய்மார்களில் ஒருத்தியும் முன்வரவில்லை. காரியஸ்தர் கோபப்படவில்லை. குழந்தைகளுக்கு ஊற்றிய பாலை நிறுத்தினார், பிறகு மாவை. ஒத்தக்கை அக்காவைக் களை பிடுங்க அனுப்பினார். தாய்மார்கள் குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு வயலில் குனிந்தார்கள். தங்களுக்கு அளந்த மாவிலேயே ஒரு வாய் ஒதுக்கி ஊட்டினார்கள்.

மழைக்காலம் வந்தது. பீப்பாய்க்காரனின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து மருத்துவ அறையில் மருந்து இருந்தது, ஆனால் கைநாட்டு வைத்த குழந்தைக்குத்தான் அதன் கதவு திறக்கும்.

"வச்சுடு," என்றான் அவன். "உசுரு இருந்தாத்தானே சுதந்திரம். செத்த புள்ளைக்கு சுதந்திரம் எதுக்கு?"

அவள் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றினாள். "எங்கம்மாவும் என்னை உசுரோடதான் வச்சிருந்தா," என்றாள்.

அவன் மறுநாள் காலை வேலையை விட்டுவிட்டு, அவளுக்குத் தெரியாமல் காரியஸ்தரின் அறைக்குப் போனான். மேசைமீது மைப்புட்டி திறந்தே இருந்தது. கட்டைவிரலை நீட்டினான்.

காரியஸ்தர் அவன் விரலைப் பார்த்தார். "உன் கைநாட்டு செல்லாதுப்பா. பிள்ளை தாயைச் சேர்ந்தது. சட்டம் அப்படித்தான் இருக்கு. தாய் வைக்கணும்."

அவன் அங்கேயே நின்றான். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைப் பிறந்த அன்றே அடிமையாக்கிய அதே சட்டம் இன்று வாசலை மறித்து நின்றுகொண்டு, தாய் சம்மதிக்காமல் குழந்தையை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது. எழுதி வைத்தவர்கள் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்திருக்கவே மாட்டார்கள்.

அன்று மாலையே காரியஸ்தர் தாய்மார்களை முற்றத்துக்குக் கூப்பிட்டார். அழுத்தக்காரி காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் அவளிடமே தொடங்கினார்.

"உன் புருஷன் காலையில வந்தான். உன்னைவிட அவனுக்குப் புத்தி இருக்கு. அவன் ஒத்துக்கிட்டான். நீ ஏன் வீம்பு பிடிக்கிறே?"

எல்லாத் தலைகளும் பீப்பாய்க்காரன் பக்கம் திரும்பின. பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவளும் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினான், கிடைக்கவில்லை.

"அவரு புள்ளையக் காப்பாத்த வந்தாரு," என்றாள். "நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன். வைக்க மாட்டேன்."

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அந்தத் தோட்டம் கேட்டதில்லை. காரியஸ்தர் அடுத்தவளைக் கூப்பிட்டார். "மாட்டேன்." அதற்கடுத்தவள் தலையை மட்டும் ஆட்டினாள். இடுப்பில் இரட்டையரை வைத்திருந்த, எலும்பும் தோலுமான ஒருத்தி மேசைவரை நடந்துபோனாள். அவள் மைப்புட்டியை மூடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அன்று முதல் அழுத்தக்காரியின் குடிசைக்குப் பெண்கள் முறைபோட்டு வந்தார்கள். பால் கொடுக்கும் தாய்மார்கள், தங்கள் பிள்ளைக்கே போதாத பாலில் கொஞ்சம் கிண்ணத்தில் பீய்ச்சிக் கொடுத்தார்கள். ஒத்தக்கை அக்கா களைக்காட்டிலிருந்து நேரே வந்து, இருந்த ஒரு கையால் குழந்தையைத் தாங்கிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். பீப்பாய்க்காரன் மூலையில் உட்கார்ந்து பார்த்தான். இவர்களில் ஒருத்தியிடமும் இரண்டாவது துணி கிடையாது. எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவேயில்லை.

குழந்தை பிழைத்தது. இடது காது மட்டும் கேட்காமல் போனது. அந்தத் தோட்டத்தில் ஒரு குழந்தையின் பேரில்கூட மை பதியவில்லை.

ஆறு வருஷம் முடியுமுன்பே அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. கூலியில்லாத வேலைக்கு எதிராகத் தோட்டம் தோட்டமாக ஆட்கள் வேலையை விட்டு உட்கார்ந்துவிட்டார்கள், கடல் தாண்டியும் கேள்வி கேட்டார்கள். கடைசியில் நாலாவது வருஷமே பயிற்சியை எடுத்துவிட்டார்கள்.

முழு விடுதலை வந்த காலை ஊரே தெருவில் இருந்தது. பாட்டும் அழுகையும் கலந்து கேட்டன. ஒத்தக்கை அக்கா குடிசைக்கு வந்து, "எங்கே அவ? கூப்பிடு, எல்லாரும் தேடுறாங்க," என்றாள்.

பீப்பாய்க்காரன் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தான். உதட்டில் விரலை வைத்தான். "தூங்குறா."

"இந்த நாள்லயா?"

"இந்த நாள்லதான்."

ஒத்தக்கை அக்கா அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். வெயில் ஏறி, கூரை ஓட்டை வழியாக அழுத்தக்காரியின் முகத்தில் விழுந்திருந்தது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில், பகல் வெளிச்சத்தில் தூங்கும் அவள் முகத்தைப் பீப்பாய்க்காரன் பார்த்ததேயில்லை. விடியுமுன் எழுந்து போய், இருட்டியபின் வருபவள் அவள்.

ஒத்தக்கை அக்கா சத்தமில்லாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளும் வந்து கேட்கும் காதை அப்பனின் தோளில் சாய்த்துக்கொண்டாள். பாடிக்கொண்டே வந்த கூட்டம் இவர்களைப் பார்த்ததும் பாட்டைத் தணித்து, மெல்ல அந்த இடத்தைக் கடந்துபோனது.