காப்புக் கட்டிய சென்டர் ஃபார்வர்டு

என் அப்பாவுக்கும் சாமிக்கும் பெரிதாகப் பேச்சுவார்த்தை கிடையாது. போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவான நோம்பி வருகிற வெயில் காலத்தில்தான் ஆந்திரா பக்கமெல்லாம் தண்ணீருக்குத் துளை போட ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால் நோம்பிக்கு அவர் ஊரில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. அப்படிப்பட்டவர் அந்த வருடம் வண்டியை மேனேஜரிடம் விட்டுவிட்டு வந்தார். வந்ததோடு நிற்காமல், லீவில் வந்திருந்த என் சித்தப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கோயிலில் மஞ்சள் காப்பும் கட்டிவைத்தார்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. ராணுவத்தில் டாக்டர். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, அப்பாதான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ரிக் வண்டியில் ஏறி அவரைப் படிக்கவைத்தார். சித்தப்பாவுக்குப் படிப்பு நன்றாக வந்தது, பந்து அதைவிட நன்றாக வந்தது. வற்றிய ஏரியில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர், மெடிக்கல் காலேஜில் சேர்ந்ததும் பல்கலைக்கழக அணிக்கே சென்டர் ஃபார்வர்டு ஆனார். அவருடைய இடது காலுக்குப் பந்து வந்துவிட்டால் ராசிபுரத்திலிருந்து பள்ளிபாளையம் வரை எந்த கோல்கீப்பருக்கும் முகம் வெளுத்துவிடும். ஆனால் ஒரு வியாதி உண்டு. எதிரணி ஆள் அடிபட்டு விழுந்தால்கூடப் பந்தை அப்படியே விட்டுவிட்டு அவன் முழங்காலைப் பிடித்துப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். கூட்டம் வாய்க்கு வந்தபடி ஏசும். அவர் காதில் விழாது. ஏசின ஆளே மறுநாள் காலையில் சுளுக்கு என்று எங்கள் வாசலில் வந்து நிற்பான், சித்தப்பா சிரித்துக்கொண்டே நீவிவிடுவார். அவர் என் சித்தப்பா என்பதில் எனக்குக் கால் தரையில் பாவாது.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டியவர் நோம்பி முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. நோம்பியை ஒட்டி ஃபுட்பால் போட்டியும் நடக்கும். அந்த வருடம் எங்கள் ஊர் ஃபைனலுக்கு வந்திருந்தது. ஆட்டக்காரர்களின் பனியன்களை அப்பாதான் எடுத்துக் கொடுத்திருந்தார், முதுகில் ரிக் வண்டியின் பெயரோடு. கப்பு கைக்கு வரும்வரை சித்தப்பாவை ஊரில் கட்டிப்போடத்தான் இந்தத் திடீர் பக்தி என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். டிவியில் எந்நேரமும் எல்லைச் சண்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா உள்ளே வந்தால் உடனே அணைத்துவிடுவார். கண்ணுக்குக் கெடுதல் என்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபைனலுக்கு முன்பே எஸ்.டி.டி. பூத்துக்காரர் சைக்கிளில் வந்து டாக்டருக்குப் போன் வந்திருக்கிறது என்றார். லீவு ரத்து, உடனே கிளம்பி வரவேண்டும். அன்று சாயங்காலமே கோயில் முன்னால் ஊர் கூடிவிட்டது. அப்பா போட்ட சத்தத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

"காப்புக் கட்டுனவன் எல்லை தாண்டுனா ஆத்தா சும்மா உடுவாளாங்க? ஊருக்கே ஆவாதுங்க!"

கோயிலுக்குள் தலைகாட்டாத மனுஷன் ஆத்தாளுக்காக வாதாடுவதைப் பார்த்துப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூசாரிதான் ஒரு வழி சொன்னார். ரத்தசொந்தம் யாராவது அந்தக் காப்பை வாங்கிக் கட்டிக்கொண்டால் இவர் போகலாம், ஆத்தா ஒன்றும் நினைக்கமாட்டாள் என்றார். அப்பா முடியவே முடியாது என்றார். சித்தப்பா மெதுவாகக் கேட்டார்.

"எங்கூர்ல நோம்பி முடியட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கங்கன்னு அங்க அடிபட்டுக் கெடக்கறவங்ககிட்டச் சொல்றதாண்ணா?"

அப்பா பூசாரியிடம் தன் கையை நீட்டினார்.

மறுநாள் காலையில் சித்தப்பாவோடு நாங்கள் எல்லைக்கல் வரை நடந்தோம். காப்பு இப்போது அப்பாவின் கையில் இருந்ததால் சேலம் ஸ்டேஷன் வரை போய் வழியனுப்ப அவருக்கு வழியில்லை. சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார். "ஃபைனல்ல நல்லாக் கத்து சாமி, கோல் தானா உழுவும்" என்று சொல்லி பஸ் ஏறினார்.

அந்தச் சண்டையிலேயே அவர் இறந்தார். குண்டு விழுந்துகொண்டிருந்த சரிவில் அடிபட்ட ஒரு சிப்பாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாராம். பின்வாங்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். கட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம். பிழைத்துக்கொண்ட அந்தச் சிப்பாய் பின்னாளில் எங்கள் வீடு தேடி வந்து, தெரிந்த கொஞ்சம் தமிழில் இதைச் சொன்னார். சித்தப்பாவைப் போல ஒரு மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஆனால் அன்று காலையில் எனக்கு இருந்த கவலை வேறு. பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அப்பா நகரவில்லை. கோயில் முன்னால் அத்தனை சத்தம் போட்டவர், கையிலிருந்த காப்பைத் திருகிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உடுங்கப்பா, கப்பு போனாப் போவுது. அடுத்த வருசம் சித்தப்பா வந்து ஜெயிச்சுக் குடுப்பாங்க" என்றேன்.

அப்பா ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஒரு கப்புக்காக இவ்வளவு பெரிய ஆள் இப்படி அழுவாரா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன்.