நோட்டில் முப்பத்தொன்று

கட்கியில் ஒரு சிறிய மருத்துவமனையில் டோரீன் நர்ஸ். இரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி, ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து ரத்தம் சோதித்தாள். அதை வைத்து அவளும் டாக்டர் ஸ்ரீவத்சனும் 2003-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள்.

கையெழுத்துக்கு வந்த பிரதியில், குணமானவர்கள் நாற்பத்தெட்டு பேர் என்றிருந்தது. வீடு வீடாகப் போனபோது அவள் குறித்துவைத்த நோட்டில் முப்பத்தொன்று.

"டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும், சிஸ்டர். சைன் பண்ணுங்க" என்றார் டாக்டர்.

அட்டவணையிலும் முடிவுரையிலும் ஒரே தப்பு எப்படி வரும்? அவளுக்கு உறுத்தியது. மறுநாள் பார்த்தால், ரத்தச் சோதனை முடிவுகள் எழுதி மருத்துவமனை அலமாரியில் வைத்திருந்த பதிவேட்டையும் காணோம். டாக்டர் வேண்டுமென்றே எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார் என்ற சந்தேகம் உறுதியானது.

"உனக்கெதுக்கு இந்த லஃப்டா, வீண் வம்பு?" என்றார் கணவர் ஜோசப்ராஜ்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. நோட்டின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, கட்டுரை போகவிருந்த மருத்துவப் பத்திரிகையின் ஆசிரியருக்குத் தபாலில் அனுப்பினாள்.

அடுத்த வருஷம் கட்டுரை வெளிவந்தது. அதில் முப்பத்தொன்று என்றே இருந்தது. அவள் பெயர்தான் இல்லை. டாக்டர் அதன்பின் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குணமாகாத பெண்களின் வீடுகளுக்கு டோரீன் மறுபடி போனாள். பலர் வாந்திக்குப் பயந்து மாத்திரையைத் தூக்கியெறிந்திருந்தார்கள். அதைத் தனியாகவே எழுதி, 2006-ல் தன் பெயரில் வெளியிட்டாள்.