பத்திரிகையில் அப்பாவின் பெயர்

பக்கவாதம் வந்த இந்த ஆறு மாதமாக அப்பாவுக்குப் பேச்சும் வாசிப்பும் சரியாக வரவில்லை. வாரம் ஒருமுறை கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து, திருவண்ணாமலைக்கு ஸ்பீச் தெரபிக்கு அழைத்துப்போகிறேன்.

இன்றைக்கும் அதே அட்டைகள். பந்து, பூனை, வாத்து.

ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்பு சொன்ன மனிதர், வாத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அலுத்துவிட்டது.

"இது வேணாங்க. அவரு விஷயமா எதனா இருந்தா குடுங்க, படிக்கவெச்சிப் பாக்கலாம்" என்றார் தெரபிஸ்ட் அம்மா.

என் பையில் இருந்தது பெரியப்பா பேத்தியின் கல்யாணப் பத்திரிகை மட்டும்தான். கொடுத்தேன்.

மணமக்கள் பெயரை அப்பா சீண்டவேயில்லை. நேராக அடியில் இருந்த சொந்தக்காரர் பட்டியலுக்குப் போனார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டினார். நெற்றியெல்லாம் வியர்வை. சித்தப்பா பெயரைத் தாண்டியதும் விரல் நின்றது.

"தம்பி... மேல. நான்... கீழ."

"சூப்பர்ங்க ஐயா! கரெக்டா படிச்சிட்டீங்களே!" என்று அந்த அம்மா கைதட்டினார்.

அப்பா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், பத்திரிகையை என் மடியில் போட்டுவிட்டு, திக்காமல் திணறாமல் சொன்னார்:

"கல்யாணத்துக்கு நான் வரல."

ஆறு மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம். இதைப் பெரியப்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருந்தால் எடுத்துவையுங்கள், பயிற்சிக்கு வேண்டும். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பெயர்கூட இல்லாததாகப் பார்த்து.