புடலைக்குத் திரை போட்ட கதை

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் திரை இழுப்பது. நாடகக் கொட்டகையில் அல்ல, போத்தனூரில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில். சாயங்காலம் ஆறு மணிக்குப் புடலைப் பந்தலின் மேல் திரையை இறக்க வேண்டும். காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் ஏற்ற வேண்டும். சம்பளம் கிடையாது. ஆனால் அப்பா என்னை "ஆப்பரேட்டர்" என்று கூப்பிட்டார். நாலாம் வகுப்பிலேயே இப்படி ஓர் உயர்ந்த பதவியைத் தொட்டுவிட்டதால்தானோ என்னவோ, அதற்குப் பிறகு நான் எதிலும் பெரிதாக முன்னேறவில்லை.

பகலில் அது எங்கள் தோட்டம். ராத்திரியில் யாருடையது என்பதில் தகராறு இருந்தது. கொய்யாவுக்கு வவ்வால், பப்பாளிக்கு மரநாய், தரையில் முளைக்கும் எதற்கும் பெருச்சாளி. எது எப்போது பழுக்கும் என்ற விஷயத்தில் அவை எங்களைவிடக் கெட்டி. நாங்கள் குடும்பமாக நின்று தடவிப் பார்த்து, நாளைக்குப் பறிக்கலாம் என்று ஏகமனதாக முடிவெடுக்கும் கொய்யா, அன்று ராத்திரியே காலியாகிவிடும். காலையில் பாதி தின்ற பழம் துவைக்கிற கல்லின் மேல் கிடக்கும். மீதியை நீங்கள் சாப்பிடுங்கள் என்று வைத்துவிட்டுப் போன மாதிரி.

அம்மா இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டாள். அவள் அலட்டிக்கொண்டது புடலைக்குத்தான்.

அம்மாவின் பிறந்த வீடு ஆனைமலைப் பக்கம். அங்கே வேலியில் ஒரு புடலை படர்ந்திருந்தது. முழங்கை நீளம்தான் வளரும், உடம்பெல்லாம் வெள்ளை வரி, பொரியல் செய்தால் ஒரு தட்டுச் சோறு கூடுதலாக இறங்கும். அம்மாவின் அண்ணன், என் மாமா, தோட்டம் முழுக்கத் தென்னை வைத்து வேலியையும் கம்பி வேலியாக மாற்றியபோது அந்தப் புடலை போய்விட்டது. அம்மா சாம்பலில் புரட்டி மருந்து பாட்டிலில் போட்டு வைத்திருந்த ஒரு கை விதைதான் மிச்சம். அதற்கும் வயசாகிவிட்டது. இந்த முறை ஊன்றி ஒரு காயாவது முற்றிப் பழுத்தால் விதை தப்பும். இல்லையென்றால் அந்தப் புடலை உலகத்திலேயே கிடையாது என்று அம்மா சொன்னாள். உலகம் என்று அவள் சொன்னது ஆனைமலைக்கும் போத்தனூருக்கும் இடைப்பட்ட பகுதியை.

பாட்டிலில் இருந்த எல்லா விதைகளையும் ஊன்றினாள். மூன்று முளைத்தன. மூன்றில் ஒன்றைப் பெருச்சாளி வேரோடு தோண்டிப் போட்டது.

அன்று காலை அம்மா சமையல் செய்யவில்லை. அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்பா மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். எந்தப் பிரச்சினையானாலும் அதற்கு ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து மாட்டினால் தீர்ந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தார். பந்தலின் நாலு மூலைக்கும் குழாய், மேலே ஸ்பிரிங் வைத்த ஓர் உருளை, அதற்கு இரண்டு கப்பி, கப்பியில் சணல் கயிறு. காடாத்துணியை நீளம் நீளமாகத் தைத்துக் கொடுத்தது அம்மா. கயிற்றை இழுத்துக் கட்டினால் பந்தல் முழுவதும், பக்கவாட்டோடு சேர்த்து, மூடிக்கொள்ளும். அவிழ்த்துவிட்டால் கடை ஷட்டர்போல் தானாக மேலே சுருட்டிக்கொள்ளும். பட்டறை ஆட்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இனி காத்துக்கூட அம்மணியக் கேட்டுத்தான் உள்ள போகோணும்" என்று அப்பா கயிற்றை என் கையில் கொடுத்தார்.

நான் கடமை தவறாத ஆப்பரேட்டர். மழையானாலும் இறக்கினேன், பரீட்சையானாலும் இறக்கினேன். கொடி இரண்டும் பந்தல் நிறையப் படர்ந்தன. பூக்கவும் ஆரம்பித்தன. வெள்ளைப் பூ. ஓரமெல்லாம் நூலைப் பிரித்துவிட்ட மாதிரி இழை இழையாகத் தொங்கும். நான் திரையை இறக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் அவை மெல்ல விரியத் தொடங்கும். ஆப்பரேட்டரைக் கண்டதும் மரியாதைக்கு எழுந்து நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டேன்.

பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நீளத்தில் பிஞ்சு இருக்கும். இரண்டு நாள் இருக்கும். பிறகு மஞ்சளாகி விழுந்துவிடும். ஒன்றல்ல, இரண்டல்ல, வந்ததெல்லாம் விழுந்தது. அம்மா மோரில் பெருங்காயம் கரைத்து ஊற்றினாள். கண்பட்டுவிட்டது என்று ஒரு பழைய சட்டியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக் கட்டினாள். மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அப்பா கப்பிக்கு கிரீஸ் போட்டார். விழுந்த பிஞ்சுகளை அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு உள்ளே போவாள். எங்கே கொட்டினாள் என்று எனக்குத் தெரியாது. குப்பையில் இல்லை, நான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமா தேங்காய் மூட்டையோடு வந்து சேர்ந்தார். சாயங்காலம் காப்பியோடு பின்பக்கம் வந்தவர், நான் திரை இறக்குவதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங் மாப்ள, புடலைக்குப் போர்வை போத்தித் தூங்க வெக்கறீங்களா? தாலாட்டு யாருங்க, நீங்களா என்ற தங்கச்சியா?"

"சிரிக்காதீங்க மச்சான். நீங்க கம்பி வேலி போட்டீங்க, நான் துணி வேலி போட்டிருக்கறன். அவ்வளவுதான் வித்தியாசம்."

மாமாவின் சிரிப்பு நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட நிக்கலீங்ண்ணா. எல்லாம் உதுந்துபோச்சு" என்றாள்.

"உடு அம்மணி, நிக்கும்" என்றார் மாமா. அவர் குரலில் நம்பிக்கை இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அப்போது திரையின் மேல் தவிட்டு நிறத்தில் பெரிய பெரிய பூச்சிகள் வந்து மோதிக்கொண்டிருந்தன. தினமும் அந்த நேரத்துக்கு வரும். பட்பட்டென்று இறக்கை அடித்துக்கொண்டு துணியை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை தடவித் தடவிப் பார்க்கும். அப்பா வெற்றியோடு கையைக் காட்டினார்: "பாத்தீங்களா? உள்ள உட்டா முட்டை வெச்சுப் புழுவாக்கிப்போடும்."

மாமா ஊருக்குப் போன மறுநாளோ என்னவோ, கயிறு அறுந்தது. பெருச்சாளி வேலைதான். சணல் கயிற்றைப் பல்லால் ராவி, கப்பிக்குக் கீழே துண்டாக்கிவிட்டிருந்தது. திரை மேலே சுருண்டபடி நின்றுவிட்டது. நான் கயிற்றின் மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். புடலைக்காக என்று அம்மா நினைத்தாள். உத்தியோகம் போனதற்காக அழுதேன். அப்பா நைலான் கயிறு வாங்குகிறேன் என்றார். பட்டறையில் அவசர ஆர்டர், அந்த வாரம் முழுக்கத் தாமதமாகவே வந்தார். பந்தல் திறந்தே கிடந்தது.

ஒரு வாரம் கழித்து அம்மா கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தோம். ஒரு பிஞ்சு மஞ்சளாகாமல், பச்சையாக, என் கை நீளத்துக்கு இறங்கியிருந்தது. உடம்பில் வெள்ளை வரி. பக்கத்தில் இன்னொன்று. இலைக்குள் இன்னும் இரண்டு.

மாசாணியம்மன் காப்பாற்றினாள் என்றாள் அம்மா. கிரீஸ் வாசத்துக்குப் பெருச்சாளி கொடிப் பக்கம் வருவதில்லை என்றார் அப்பா. தபாலில் விஷயம் தெரிந்த மாமா, தன் கை ராசி என்று எழுதினார். என் கண்ணீர் வேரில் விழுந்ததுதான் காரணம் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பா நைலான் கயிறோடு வந்தார். அம்மா வாசற்படியிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஏனுங், துணி போட்டப்ப காய்க்கல. துணி இல்லீன்னா காய்க்குது. எனக்கு அவ்வளவுதானுங்க தெரியும்."

அப்பா கயிற்றுச் சுருளை அவள் கையில் கொடுத்தார். பிறகு நைலான் கயிறு துணி காயப்போடும் கொடியாயிற்று. காடாத்துணியை அம்மா வெட்டிச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, கைக்கு எட்டிய கொய்யாக்களுக்கு மட்டும் கட்டினாள். எட்டாத கிளைகளை வவ்வாலுக்கு விட்டுவிட்டாள். ஒரு புடலையைப் பறிக்காமல் விட்டாள். அது முற்றி, சிவந்து, தானாக வெடித்தது. பாட்டில் மறுபடியும் நிறைந்தது.

அந்த விதை இப்போது என் மொட்டை மாடியில் தொட்டியில் படர்கிறது. போன வாரம் சாயங்காலம் பூ விரியும் நேரத்தில், அதே தவிட்டு நிறப் பூச்சி ஒன்று வந்தது. அந்தரத்தில் நின்றபடி, தன் உடம்பைவிட நீளமான ஓர் உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் விட்டது. அடுத்த பூவுக்குப் போனது. அதற்கடுத்த பூவுக்கும். மூஞ்சியெல்லாம் மகரந்தம். அதைப் பார்த்துக்கொண்டு நான் காப்பியை ஆறவிட்டேன்.

நாலாம் வகுப்பு ஆப்பரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. அவள் கயிற்றைக் கட்டிவிட்டு, பாவாடையை உதறிக்கொண்டு, துணிமேல் முட்டி முட்டி வழி தேடுகிறவர்களிடம் தினமும் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்: "ஆறு மணி ஆயிப்போச்சுங்க. நாளைக்கு வாங்க."

அவர்களும் மறுநாள் தவறாமல் வந்தார்கள்.