சுற்றி நிற்க ஆளில்லாத ஆடுபுலி

போன வாரம் செண்பகனூர் பஸ் ஸ்டாப்பில் சாந்தினி என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். கோபம் நியாயம்தான். வினையை இழுத்துவிட்டது என் வாய்.

சாந்தினி இங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். இரண்டு வருடம் மண்டையை உடைத்து, இன்டர்நெட்டில் ஆடும் ஆடுபுலி ஆட்டம் ஒன்றை எழுதினார். விண்டோஸில் நன்றாகத்தான் ஓடியது. நான் சும்மா இருந்தேனா? "லினக்ஸுக்கும் விடுங்கம்மா" என்று நச்சரித்தேன்.

விட்டார். அதற்கு யாரோ எழுதிய இலவச புரோகிராம் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதன் லைசென்ஸில் ஒரு நிபந்தனை - என்னைச் சேர்த்து வெளியிட்டால், நீ எழுதின அத்தனை புரோகிராம் வரியையும் கேட்டவருக்குக் கொடு. இதையெல்லாம் எவன் படிக்கிறான்? சாந்தினி படித்தார். மொத்தத்தையும் இணையத்தில் போட்டார். "இதல்லவா நேர்மை!" என்று இதே பக்கத்தில் எழுதிக் கைதட்டினேன் நான்.

பத்தே நாள்... எவனோ அந்த வரிகளை மாற்றி, தன் புலியை இஷ்டத்துக்குத் தாவவிட்டான். விதியைச் சரிபார்க்கும் வேலையை சாந்தினி தன் சர்வரில் வைக்கவில்லை. ஆடுகிறவரின் கம்ப்யூட்டரிலேயே விட்டிருந்தார்.

"ஏம்மா அப்படி?"

"எங்க தோட்டத்துல, கூலிக்காரங்க வரிசையா குடியிருக்கிற லயத்து வாசல்ல, தரையில கோடு கிழிச்சு ஆடுவாங்க சார். நடுவர்னு யாரு இருந்தா? கள்ளாட்டம் ஆடுனா சுத்தி நிக்கிற சனமே கையப் புடிச்சிரும். அந்த நெனப்புலயே எழுதிட்டேன்."

இணையத்தில் சுற்றி நிற்க யார் இருக்கிறார்கள்?

அவர் அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் ஆடியவர்கள் பூராவும் போய்விட்டார்கள். எங்கே? ஏதோ ஒரு நகரத்துக் கம்பெனி புதிதாக விட்டிருந்த ஆடுபுலிக்கு!

பஸ் ஸ்டாப்பில் நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "வாங்க சார், ஒண்ணு காட்டுறேன்" என்று சென்டருக்கு அழைத்துப்போய் அந்த ஆட்டத்தைத் திறந்தார். அதே பலகை. தோற்றதும் வந்த வாசகம் - "புலி பட்டினியா கெடக்கு!" சாந்தினி வேடிக்கையாக எழுதிய வரி. எழுத்து மாறாமல் அப்படியே.

சாந்தினியின் வரிகளை எடுத்துக்கொண்டதால், அதே லைசென்ஸ்படி அவர்களும் தங்கள் வரிகளைக் கொடுத்தாக வேண்டும். கேட்டு மூன்று மெயில் போட்டாராம். பதிலே இல்லை. கோர்ட், வக்கீல் என்று மலையிறங்கி அலைய இவரால் முடியுமா?

திரையின் அடியில் பொடி எழுத்து. சாந்தினி விரலை வைத்துக் காட்டினார் - 'இதை நகலெடுப்பது தண்டனைக்குரிய குற்றம்.'

"இதுக்கும் ஒரு வாரம் கைதட்டி எழுதுங்க சார்."